வாசற்படியோடு நின்ற வெள்ளம்

மணற்குடியில் வெள்ளம் இப்போதெல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை. நகராட்சியிலிருந்து வருகிறது.

கடல் ஏறி ஆற்றின் வாயை அடைத்துக்கொண்ட பிறகு, ஐப்பசி மழைத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஊருக்குள்ளேயே எங்காவது சில நாள் உட்கார்ந்து, அலை தணிந்த பிறகுதான் அது கிளம்பும். முன்பு அது தன் இஷ்டத்துக்குப் பள்ளம் பார்த்து உட்கார்ந்தது. பள்ளத்தில் இருந்தவர்களெல்லாம் இல்லாதப்பட்டவர்கள். இது அநியாயம் என்று எல்லாரும் பேசினார்கள், எழுதினார்கள். கடைசியில் வாய்க்கால் பிரியும் இடங்களிலெல்லாம் இரும்பு ஷட்டர்கள் வந்தன, மேட்டுக்கும் தண்ணீரைத் தள்ளும் பம்புகள் வந்தன, அவற்றையெல்லாம் ஆட்டுவிக்க ‘சமன்’ என்ற இயந்திரம் வந்தது. எந்தத் தெரு எவ்வளவு தாங்கும் என்று அது கணக்குப் போடும். தாங்கக்கூடிய தெருவுக்குத் தண்ணீரை அனுப்பும். கடிதத்துக்கு முகவரி எழுதுவதுபோல் வெள்ளத்துக்கு முகவரி எழுதிய முதல் ஊர் தாங்கள்தான் என்று மணற்குடிக்காரர்கள் அந்த வருஷம் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள்.

இந்த வருஷத்து முகவரி: செக்கடித் தெரு. தொடர்ந்து மூன்றாவது தடவை.

அறிவிப்பு வந்தபோது அஞ்சுகம் தன் மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அந்த வார்டின் கவுன்சிலரும் அவள்தான். வரிசையில் நின்ற பெண்களின் போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சிணுங்கின. எல்லாரும் குனிந்து படித்தார்கள். பிறகு ராசகிளி தன் கையிலிருந்த தூக்கைக் கல்லாமேல் எறிந்தாள். மிளகாய்த்தூள் புகைபோல் எழுந்தது.

“கண்ணுல பட்டாத்தான் உனக்கு ஒறைக்கும். ஓட்டு கேக்க வந்தப்ப என்ன சொன்ன? ‘எக்கா, இனிமே நம்ம தெருவுக்குத் தண்ணி வராது’ன்ன. தண்ணி தவறாம வருது. நீதான் வர்றதில்ல.”

“நான் என்னடி பண்ணுவேன், மெஷினுல்ல சொல்லுது” என்றாள் அஞ்சுகம், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

“அப்ப அடுத்த தடவ மெஷினுக்கே ஓட்டுப் போட்டுக்கறோம். அதுவாவது வீட்டுக்கு வீடு போன் பண்ணி விசாரிக்குது.”

பெண்கள் அரைக்காத தானியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிறபோது ஒருத்தி வாசலில் காறித் துப்பினாள். அஞ்சுகம் மோட்டாரை நிறுத்தினாள். அந்த மோட்டாரைப் போன வருஷம் ஒரு திண்டு கட்டி ஏற்றி வைத்திருந்தாள். அதற்கு முந்தின வருஷம் தண்ணீர் குடித்துச் செத்த மோட்டார் மூலையில் இன்னும் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நகராட்சிக்குக் கிளம்பினாள்.

*

சமனைப் பார்த்துக்கொள்ள அரசு அனுப்பியிருந்த பொறியாளர் பெனிட்டா, சின்னப் பெண். கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்த அஞ்சுகத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

“ஏம்மா, உங்க மெஷினுக்கு எங்க தெரு மேல அப்படி என்ன ஆசை? மாமியா வீடா அது, வருஷா வருஷம் வந்து சீராடிட்டுப் போறதுக்கு?”

“மேடம், கத்தாதீங்க. உக்காருங்க.”

“உக்காந்தா ஈரமாயிடும். நான் செக்கடித் தெருக்காரி.”

பெனிட்டாவுக்கு முகம் சிவந்தது. திரையை அஞ்சுகத்தின் பக்கம் திருப்பினாள். ஊர் வரைபடம். ஒவ்வொரு வீடும் ஒரு சின்னக் கட்டம். வசதியானவர்கள் வாழும் லேக் வியூ நகர் முழுக்க அடர் சிவப்பு. செக்கடித் தெரு பச்சைப் பசேல் என்று இருந்தது.

“இந்த ஊர்லயே பலமான தெரு உங்களோடதுதான். நான் சொல்லல, உங்க ஜனங்க சொன்னது. வெள்ளம் வடிஞ்சதும் ட்ரோன் போய் ஒவ்வொரு வீட்டுச் சுவத்துலயும் தண்ணிக் கறை பாக்குது. உங்க தெருவுல ஒரு சுவத்துலகூடக் கறை இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தரா போன்ல கேக்குது. ஆம்பளைங்கள தனியா, பொம்பளைங்கள தனியா, வீட்டோட கிடக்குற நோயாளியக்கூட விடறதில்ல. அவங்கவங்க பேச்சுலயே கேக்குது. யாரும் விட்டுப்போயிடக் கூடாதுன்னு இதுக்காகவே நான் ரெண்டு வருஷம் தூங்கல. எல்லாரும் சொல்றது ஒரே பதில். ‘வாசப்படியோட நின்னுருச்சு.’”

அஞ்சுகம் பச்சைக் கட்டங்களில் தன் வீட்டைத் தேடினாள்.

“லேக் வியூவப் பாருங்க” என்றாள் பெனிட்டா. “கார் மேட் நனைஞ்சதுக்கு நாலு போட்டோ அனுப்பியிருக்காங்க. நாய்க்கு ஜலதோஷம்னு டாக்டர் சீட்டு. சிரிக்காதீங்க, அவங்க சொல்றாங்க, நீங்க சொல்றதில்ல. மெஷின் யாரத்தான் நம்பும்?”

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சுண்ணாம்பு வாசனைதான் மூக்கில் வந்தது.

செக்கடித் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளம் வடிந்த மறுநாள், வெளியாள் எவனும் தெருவுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்துவிட வேண்டும். மேஸ்திரி சிங்காரவேலு மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருப்பார். ஈரச் சுவர்மேலேயே மட்டையால் இழுப்பார்கள். மார்பு உயரத்துக்கு நின்ற சேற்றுக் கோடு மறைந்துபோகும். தெரு பொங்கலுக்குத் தயாரானதுபோல் பளிச்சென்று நிற்கும். ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் ஏறுகிற தெருவுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. ‘அந்தத் தெருவுல பொண்ணு எடுத்தா சீர்க் கட்டிலோட துடுப்பும் வரும்’ என்று கேலி பேசுவார்கள். இப்போதெல்லாம் ஜாதகத்தோடு, வீடு கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையும் கேட்கிறார்கள்.

“இந்தப் படத்த யார் வேணும்னாலும் பாக்கலாமா?” என்று கேட்டாள் அஞ்சுகம். குரல் இறங்கியிருந்தது.

“ஆமா. எல்லாம் வெளிப்படையா இருந்தாத்தான நியாயம்?”

“யாரு அதிகமா பாக்குறாங்கன்னு உன் மெஷினையே கேளு.”

பெனிட்டா கேட்டாள். பதிலைப் படித்தவள் மறுபடியும் படித்தாள். பிறகு திரையை மெதுவாகத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள்.

“கல்யாணத் தரகருங்க” என்றாள்.

“ம். இப்ப சொல்லு. பொண்ண வச்சிருக்கவ உன் மெஷின்கிட்ட என்ன சொல்லுவா?”

பெனிட்டா விதியைச் சொன்னாள். கணக்கு தப்பு என்றால் மறுவிசாரணை கேட்கலாம். தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீட்டுக்காரர்கள் நகர்மன்றத்தில் எல்லார் முன்னிலையிலும் உண்மை உயரத்தைச் சொல்ல வேண்டும். ரகசியமாகச் சொல்ல முடியாது. தண்ணீர் வேறு தெருவுக்குப் போகும் அல்லவா, அந்தத் தெருக்காரர்களும் கேட்க வேண்டும். சொன்னது படத்தில் ஏறும். ஏறினால் அழியாது.

“வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?”

அஞ்சுகம் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் ஓவியாவை நிச்சயம் செய்ய பெரம்பலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

*

“மேட்டு ஊரும்மா அது” என்றாள் ஓவியா. அவள் கத்தவில்லை. அதுதான் அஞ்சுகத்தைப் பயமுறுத்தியது. “அங்க மழை பேஞ்சா ஜனங்க ஜன்னலத் தொறந்துவச்சு வேடிக்கை பாப்பாங்களாம். அவர் சொன்னாரு. மழைய வேடிக்கை பாக்குறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்.”

“நிச்சயம் முடியட்டும்னு பேசாம இருந்தா, தெரு முழுகிடும்டி.”

“தெருவுல இருக்குற எல்லாரும் ‘வாசப்படியோட நின்னுருச்சு’ன்னுதான சொல்றாங்க? அவங்களுக்கே இல்லாத அக்கறை உனக்கு எதுக்கு? கவுன்சிலர்ங்கறதாலயா? நகராட்சியில உனக்கு நாற்காலியே கடைசி வரிசையிலதான் போட்டிருக்கான்.”

“ஓவியா.”

“நீ வெள்ளிக்கிழம வாயத் தொறந்தா, அப்பறம் நான் உங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேன்.”

மாலையில் அஞ்சுகம் ரேஷன் கடை முன்னால் தெருவைக் கூட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். எல்லாரும் கேட்டார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் சிங்காரவேலுவின்மேல் இருந்தது. அவருக்குக் கல்யாணமாகாத மகன்கள் இரண்டு பேர். மனைவி பூரணி பக்கவாதத்தில் கட்டிலோடு கிடந்தாள். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கட்டில் காலுக்குக் கீழே ஒரு செங்கல் கூடிக்கொண்டே போனது. போன வருஷம் தண்ணீர் மெத்தையைத் தொட்டுவிட்டுப் போனது தெருவுக்கே தெரியும்.

“என் வீட்டுல வாசப்படியோட நின்னுருச்சு” என்றார் சிங்காரவேலு.

“அண்ணே, பூரணி அண்ணி மேல சத்தியமா சொல்லுங்க.”

“ஏ மில்லுக்காரி! எம் பொண்டாட்டி பேர எடுத்தீன்னா நாக்க அறுத்துப்புடுவேன். உம் மவளுக்கு மேட்டு ஊர்ல மாப்பிள்ள பாத்துட்ட, அவ நாளைக்கு ஏறிப் போயிடுவா. எங்க புள்ளைங்க தலையில சேத்த அப்பிட்டு நீ நல்லவ ஆகப் பாக்குறியா?”

“எம் மவ நிச்சயமும்தான் நின்னுபோவும்ணே. அது தெரியாம பேசறேனா?”

“அப்ப நீ நல்லவ இல்ல. பைத்தியம்.”

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே கலைந்தது.

*

வெள்ளிக்கிழமை நகர்மன்றத்தில் லேக் வியூ நகர்க்காரர்கள் முன் வரிசையை நிறைத்திருந்தார்கள். அவர்கள் சங்கச் செயலாளர் கிருபாகரன் புகைப்படங்களைக் கனமான உறையில் கொண்டு வந்திருந்தார். செக்கடித் தெருக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். ஓவியா வரவில்லை.

கூரையிலிருந்த ஒலிபெருக்கி கனைத்துக்கொண்டது. சமன் பேசும்போது அந்தந்தத் தெருவின் பேச்சில்தான் பேசும். முறை வைத்துத்தான் கூப்பிடும்.

“அஞ்சுகம் அக்கா, சொல்லுங்கக்கா. உங்க வீட்டுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”

அஞ்சுகம் பேசவில்லை. கொண்டுவந்திருந்த சாக்கைப் பிரித்தாள். உள்ளே ஒரு காரைத் துண்டு. தன் வீட்டுச் சுவரில் மார்பு உயரத்தில் இருந்து அன்று காலை உளி வைத்துப் பெயர்த்தது. அதன் உடைந்த விளிம்பு தெரியும்படி திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

வெள்ளை. அதன் கீழே களிமண் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. மறுபடி வெள்ளை. மறுபடி மண். சமன் வருவதற்கு முந்தைய வருஷங்களும் அதில் இருந்தன. வெட்டிய மரத்தின் வளையங்களைப்போல் அந்தத் தெருவின் வயது அதில் படிந்திருந்தது. ஒரு நகம் அளவு கனமான பூச்சுக்குள் இத்தனை வெள்ளத்தை ஒளித்துவைக்க முடியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெனிட்டா எழுந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் மண் ஒட்டியது.

“இதுவரைக்கும்” என்றாள் அஞ்சுகம், தன் நெஞ்சில் கை வைத்து. “எங்க வீட்டுல மட்டுமில்ல. எல்லார் வீட்டுலயும். நாங்க வெள்ளையடிச்சு மறைச்சோம். பொண்ணு கட்டிக் குடுக்கணும்ல.”

“கள்ளி!” என்று சுவரோரமிருந்து ஒரு குரல் வந்தது. அது ராசகிளி. “அது மில்லுச் சுவரு! மில்லு பள்ளத்துல இருக்கு!”

“அமைதி” என்றது சமன், அன்பாக. “நான் ஒவ்வொருத்தரா கேக்குறேன். சிங்காரவேலு அண்ணே?”

சிங்காரவேலு காரைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுண்ணாம்பின் ஒவ்வொரு அடுக்கும் அவர் கரைத்தது.

“வாசப்படியோட நின்னுருச்சு.”

“ராசகிளி அக்கா?”

“வாசப்படியோட.”

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. ஒவ்வொரு வாயிலிருந்தும் அதே சொல் வந்தது. கோயிலில் அர்ச்சனை நடப்பதுபோல் இருந்தது. கிருபாகரன் தன் உறையைப் பிரிக்காமலே மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றி” என்றது சமன். “தெருக் கணக்குல மாத்தம் இல்ல. அஞ்சுகம் அக்கா வீட்டுக் கணக்கு மட்டும் திருத்தியாச்சு. அந்த வீடு தாங்காது. அந்த வீட்டுக்குப் பாதுகாப்பு குடுக்கப்படும்.”

சனிக்கிழமை பெரம்பலூரிலிருந்து போன் வந்தது. பையனுக்கு ஜாதகத்தில் ஏதோ தோஷம் இருப்பது இப்போதுதான் தெரிந்ததாம். ஓவியா போனை வைத்துவிட்டு மில்லுக்கு வந்தாள். மாவுச் சல்லடையை எடுத்தாள். சலிக்க ஆரம்பித்தாள். சொன்னதுபோலவே ஒரு வார்த்தை பேசவில்லை.

*

மழை தொடங்கியதும் நகராட்சி ஆட்கள் வந்து அஞ்சுகத்தின் வீட்டையும் அதை ஒட்டிய மில்லையும் சுற்றித் தடுப்புப் பலகைகளை நட்டார்கள். ஆள் உயரத்துக்கு நீலநிறப் பலகைகள், இடுக்கில்லாமல் ரப்பர் வைத்துப் பூட்டப்பட்டவை. வேறு எந்த வீட்டுக்கும் இல்லை.

“ராணி மாளிகைக்கு அகழி வெட்டியாச்சு” என்றாள் ராசகிளி, தன் வாசலில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டே.

பிறகு ஷட்டர்கள் திறந்தன. தண்ணீர் ஓடி வரவில்லை. வீட்டைத் தெரிந்துகொண்டு வரும் விருந்தாளிபோல நிதானமாக வந்தது. வாசற்படியோடு நிற்கவில்லை. முகாமுக்குப் போகலாம் என்று போன்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. ஆனால் முகாமுக்குப் போனவர்கள் பெயரும் படத்தில் ஏறும். யாரும் போகவில்லை. பலகைகளில் மோதித் திரும்பிய தண்ணீரும் சேர்ந்து மற்ற வீடுகளில் ஒரு சாண் கூடுதலாகவே ஏறியது. தன் காய்ந்த தரையில் உட்கார்ந்து, பலகைக்கு வெளியே பாத்திரங்கள் மிதந்து இடித்துக்கொள்ளும் சத்தத்தை அஞ்சுகம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காய்ந்த தரை அவளைச் சுட்டது.

நடுப்பகலில் ஓவியா எழுந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகைமேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். அஞ்சுகம் அலறினாள். ஓவியா திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து சிங்காரவேலு வீட்டுக் கதவை உதைத்தாள். உள்ளே அவரும் மகன்களும் கட்டிலைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். கட்டில்மேல் பூரணி கூரையை வெறித்தபடி கிடந்தாள்.

“தூக்கிக்கிட்டே எத்தன நாளு நிப்பீங்க மாமா? எங்க வீட்டுக்குக் கொண்டாங்க.”

“உங்க வீட்டு வாசல்ல என் பொணம்கூட...”

“அத்தைய மொதல்ல தூக்குங்க. கௌரவத்த அப்பறம் வந்து தூக்கிக்கலாம்.”

கட்டில் பலகையைத் தாண்டி வந்தது. அதன் பின்னால் ஒவ்வொருத்தராகத் தெருவே வந்தது. மில்லில் மாவு மூட்டைகள்மேல் ஈரம் சொட்ட உட்கார்ந்தார்கள். அஞ்சுகம் வடித்த கஞ்சியை அஞ்சுகத்தைத் திட்டிக்கொண்டே குடித்தார்கள். “உப்பு இல்ல” என்றாள் ராசகிளி. “மெஷின்கிட்டச் சொல்லி வாங்கிக்க” என்றாள் அஞ்சுகம். யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போது சிங்காரவேலுவின் போன் அடித்தது. ஈர விரல் வழுக்கியதில் அவர் எல்லாருக்கும் கேட்கும்படி அழுத்திவிட்டார்.

“அண்ணே, நல்லாருக்கீங்களா? சாப்ட்டீங்களா? தண்ணி எதுவரைக்கும்ணே வந்துருக்கு?”

அவர் வேட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் மில்லின் தரையில் மாவோடு குழைந்து ஓடியது. மகன்கள் தரையைப் பார்த்தார்கள். பூரணியின் கண்கள் மட்டும் அவர் பக்கம் திரும்பின.

“வாசப்படியோட நின்னுருச்சு” என்றார்.

“சந்தோஷம்ணே. இன்னொரு நல்ல சேதி. உங்க தெருக்காரங்க போனெல்லாம் ஒரே வீட்டுல இருக்கு. ஆபத்துன்னா அடைக்கலம் குடுக்குற வீடு உங்க தெருவுக்கு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இப்படி ஒத்துமையான தெரு ஊர்ல வேற இல்ல. உங்க தாங்குதிறன் இன்னும் ஏறியிருக்கு. அடுத்த வருஷத்துக்கு இப்பவே உங்க தெருவ எழுதிக்கிட்டேன்ணே.”

போன் அணைந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்கள் குவளையைக் கீழே வைத்தார்கள். அஞ்சுகம் தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அவள் ஊற்றிய கஞ்சியும் கணக்கில் ஏறிவிட்டது.



*

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, சிங்காரவேலு வீட்டுப் பரணிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகள் வழக்கம்போல் இறங்கின. வழக்கம்போல் பெண்கள் வாளியோடு வந்து நின்றார்கள். அவர் சுண்ணாம்பு கரைக்கும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் இல்லை.

“என்ன மேஸ்திரி, இன்னும் கரைக்கலையா? ட்ரோன் வந்துடும்” என்றாள் ராசகிளி.

“வேணும்னா நீ கரைச்சுக்க.”

ராசகிளி மூட்டையைப் பார்த்தாள். தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். கழுத்தளவுக்குச் சேறு. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். ஒருத்தி மூட்டையின் முடிச்சில் கை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

ட்ரோன் வந்தது. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் அந்தரத்தில் நின்று பார்த்தது. தெரு தன் அழுக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. பெண்கள் தலையில் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

“பாத்துக்கடா, நல்லா பாத்துக்க!” என்று சிங்காரவேலு அதைப் பார்த்துக் கத்தினார். கண்ணில் பொங்கிய தண்ணீரைத் துடைக்கவில்லை. பிறகு அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார். “உன் மூஞ்சிக்காகச் செய்யல. புரியுதா?”

“என் மூஞ்சிக்குன்னா நீங்க செருப்பத்தானண்ணே கொண்டு வருவீங்க.”

வெயில் ஏறுவதற்குள் பெனிட்டா போன் செய்தாள். குரலில் மகிழ்ச்சி வழிந்தது.

“மேடம், மொத்தக் கணக்கும் மாறிடுச்சு! அடுத்த வருஷம் உங்க தெரு இல்ல. சமன் வேற எடம் எழுதிடுச்சு.”

“லேக் வியூவா?”

“ஐயோ, அவங்களால தாங்க முடியாதே மேடம். கருவாட்டுமேடு. உங்களுக்கு எதிர்க்கரைதான். இந்தத் தடவ வாய்க்கால் தண்ணி கொஞ்சம் அங்கயும் போச்சு, ஆனா ஒரு வீட்டுலகூடக் கறை இல்ல. ரொம்பப் பலமான குடியிருப்பு.”

அஞ்சுகம் தெருமுனைக்கு நடந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கருவாடு காயவைக்கிறவர்களின் சின்னச் சின்ன வீடுகள். காலை வெயிலில் அவை அத்தனையும் துவைத்துப் போட்ட வேட்டிபோல் வெள்ளை வெளேரென்று மின்னின. ஊரில் யார் பார்த்தாலும் அழகு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்த வெள்ளையை அவளுக்குப் படிக்கத் தெரியும்.

வீட்டுக்குள் போய்க் காரைத் துண்டை எடுத்துக்கொண்டாள். சிங்காரவேலுவின் சுரண்டியைக் கேட்காமலே எடுத்தாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்றார் அவர். பிறகு அவள் பார்வை போன திசையைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “அங்க கல்லால அடிப்பாளுவ.”

“தெரியும். அவங்க எடத்துல இருந்தா நானும் அடிச்சிருப்பேன்.”

“அம்மா” என்றாள் ஓவியா.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசிய முதல் சொல் அது. அஞ்சுகம் நின்றாள். ஓவியா தன் தலையில் ஒரு மாவுச் சாக்கை மடித்துக் கவிழ்த்துக்கொண்டாள். இன்னொன்றை அம்மாவின் தலையில் வைத்தாள்.

இரண்டு பேரும் பாலத்தில் ஏறினார்கள். அந்தப் பக்கம் ஒரு பெண் கையில் சுண்ணாம்பு மட்டையோடு அவர்களையே பார்த்தபடி நின்றாள். அஞ்சுகத்தின் கையில் இருந்த துண்டில் அவள் பார்வை விழுந்தது. வெள்ளையும் மண்ணுமாக அதில் இருந்த கோடுகளைக் கண் எடுக்காமல் பார்த்தாள்.

பிறகு மட்டையைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து, ஒரு கல்லைத் தேடினாள்.